யன்னலடி நாற்றுகள்

மகாதேவிக்குச் சயரோகம் என்று டாக்குத்தர் சொன்ன அன்றே தியாகலிங்கம் வாத்தியார் அவளுடைய கட்டிலை யன்னலடிக்கு இழுத்துப் போட்டார். சாவகச்சேரி ஆசுப்பத்திரியிலிருந்து மாட்டு வண்டியில் திரும்பி வந்து, அவளை விறாந்தையில் இருத்திவிட்டு, தோளில் கிடந்த சால்வையைக் கூட எடுத்து வைக்காமல் செய்த முதல் வேலை அது. இந்த வருத்தத்துக்கு மருந்தென்று பெரிதாக ஒன்றுமில்லை, பாலும் முட்டையும் கொடுங்கள், வெளிச்சமும் காற்றும் படுகிற இடத்தில் படுக்க விடுங்கள் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் வெளிச்சம் படுகிற இடம் அது ஒன்றுதான்.

மீசாலையில் ரயில் பாதைக்குத் தெற்கே இருந்தது வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை. முன்னால் விறாந்தை, நடுவில் ஓர் அறை, பின்னால் சமையலுக்குக் குசினி. அறைக்குக் கிழக்குப் பார்த்த யன்னல் ஒன்று, ஒன்றரை முழ அகலம், நாலு மரக்கம்பிகள். கூரை தாழ்வாக இறங்கியிருந்ததால் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வெயில் உள்ளே விழும். அதன் பிறகு நடுப்பகலிலும் அறை மங்கிப் போய்விடும். யன்னலுக்கு நேரே நெஞ்சளவு உயரத்தில் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் ஒழுங்கை. கொடிகாமச் சந்தைக்குக் கடகம் சுமந்து போகிறவர்கள், பொதுக் கிணற்றுக்குக் குடத்தோடு போகிற பெண்கள், தபால்காரர், கூப்பன் அரிசி வாங்கி வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஒழுங்கையால்தான் போய்வர வேண்டும்.

அது சண்டைக் காலம், 1943ஆம் ஆண்டு ஆவணி மாதம். மகாதேவிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளையில்லை. அவளுக்குக் கதைதான் சாப்பாடு. கிணற்றடிக்குப் போனால் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணித்தியாலம் எடுப்பாள் என்று வாத்தியாரே பகிடி பண்ணுவார். வருத்தம் தொற்றுகிற கசம் என்று ஊருக்குத் தெரிந்தபின் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. ஆனால் யன்னலடியில் படுத்திருந்தவளுக்கு ஒழுங்கை மிச்சமிருந்தது. யார் யார் போகிறார்கள், யாருடைய மாடு கன்று போட்டிருக்கிறது, யார் யாரோடு முகம் கொடுக்காமல் போகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பின்னேரம் வாத்தியார் பள்ளிக்கூடத்தால் வந்ததும் எல்லாவற்றையும் இருமி இருமிச் சொல்லுவாள்.

அதோடு பூரணமும் இருந்தாள். அடுத்த வளவுக்காரி, மகாதேவியைவிட நாலு வயது இளையவள், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று அவளுடைய புருஷன் இராசநாயகம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். பூரணம் அந்தச் சொல்லை மீறவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் நுழைகிற அளவில் இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, யன்னலுக்கு வெளியே நின்றுகொள்வாள். முருங்கையிலை உருவுகிற சுளகோ, உரிக்கிற வெங்காயமோ கையில் இருக்கும். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் முழுக்க மகாதேவிக்கு ஆள்துணை என்று இருந்தது அந்த ஒருத்திதான். வாத்தியாருடைய தமக்கை ஞானாம்பிகை மூன்று வீடு தள்ளி இருந்தாள். காலையும் மத்தியானமும் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து வைப்பாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வருவாள், அப்படியே போய்விடுவாள்.

வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருந்தால் கை பரபரக்கும்; எழுந்து போய் வேலிக்கு ஓலை கட்டுவார், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவார். மகாதேவியின் கன்னத்தெலும்பு எடுபட்டுவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. இதை அவர் அப்போது தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. செய்வதற்கு ஒரு வேலை வேண்டும், அந்த வேலையால் அவள் எழும்பிவிட வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மட்டுவிலில் நாட்டு வைத்தியம் பார்க்கிற மார்க்கண்டுப் பரியாரியார் இருந்தார். அவர் கொடுத்த அமுக்கிரா லேகியத்தை ஒரு மாதம் சாப்பிட்டபோது மகாதேவிக்குக் கொஞ்சம் பசி எடுத்தது, இரவில் வியர்ப்பது குறைந்தது. புரட்டாதி முடிவில் வாத்தியார் மறுபடி போனபோது பரியாரியார் மருந்துச் சரக்குப் போடுகிற பரணி வெறுமையாகக் கிடப்பதைக் காட்டினார். அமுக்கிராக் கிழங்கு இந்தியாவிலிருந்து வருகிற சரக்கு. சண்டையால் வள்ளங்கள் வருவது குறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் விசாரித்துவிட்டார், இல்லை. தன்னிடம் இருப்பது விதை மட்டும்தான் என்றார். எப்போதோ ஒரு செடி வளர்த்தபோது எடுத்து வைத்த காய்ந்த பழங்கள், ஒரு சிறங்கை வரும். வாத்தியார் அதைக் கேட்டார். பரியாரியார் கொடுத்தார். ஆனால் இப்போது போடவேண்டாம் என்றும் சொன்னார். மாரி மழை அதற்கு ஆகாது, அடி அழுகிப்போகும், தை பிறந்தபின் போடலாம், கிழங்கு முற்ற எப்படியும் ஆறு மாதம் செல்லும்.

வாத்தியார் வழிநெடுக விரலில் எண்ணிக்கொண்டு வந்தார். தையில் போட்டால் ஆடி ஆவணி. இப்போதே நாற்றாக்கி வைத்து, தையில் நட்டால் இரண்டு மாதம் மிச்சம். அந்த இரண்டு மாதத்தில் என்னவெல்லாமோ நடக்கலாம் என்று பட்டது.

ஐப்பசியில் விறாந்தை ஓரத்தில் ஒரு பெட்டியில் கொஞ்ச விதை போட்டார். முளைத்தது. நாலாம் நாள் வாடைக்காற்றோடு அடித்த சாய்மழை விறாந்தையையே கழுவிக்கொண்டு போனது. மிஞ்சியதைக் கோழி கிளறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வைக்கலாமென்றால் அதுவும் அரைச்சுவர்க் கட்டடம். தூவானம் பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் வரைக்கும் வரும். மழை படாமல், கோழி ஆடு வராமல், கொஞ்சமாவது வெயில் படுகிற இடம் என்று பார்த்தால் மறுபடி அதே யன்னல்தான்.

கட்டிலும் இருக்க, நாற்று வைக்க வாங்கும் போட அங்கே இடமில்லை. அறை அவ்வளவு ஒடுக்கம். வாத்தியார் மகாதேவியிடம் விஷயத்தைச் சொன்னார். மாரி பிறந்துவிட்டது, வாடைக்காற்று நேரே நெஞ்சில் படுவது அவளுக்கும் கூடாது, இரண்டு மாதத்துக்குக் கட்டிலை மேற்குச் சுவரோடு போட்டால் நாற்றும் பிழைக்கும் அவளுக்கும் சூடாக இருக்கும் என்றார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்களுக்குச் சரியென்று பட்டபடி செய்யுங்கள் என்றாள். டாக்குத்தர் சொன்னதை இரண்டு பேரும் எடுத்துப் பேசவில்லை.

நாற்பது தேங்காய்ச் சிரட்டைகள் சேர்த்தார். ஒவ்வொன்றின் கண்ணையும் குத்தித் துளை போட்டார். செம்மண்ணும் மணலும் மக்கிய ஆட்டெருவும் சமனாக அரித்துக் கலந்து நிரப்பினார். விதையை ஒரு நாள் ஊறப்போட்டு, சிரட்டைக்கு மூன்றாக விரல்நுனி ஆழத்தில் புதைத்தார். யன்னலடியில் வாங்கைப் போட்டு, அதன்மேல் ஒரு பலகை, பலகையில் சிரட்டைகள். பன்னிரண்டாம் நாள் முதல் முளை தெரிந்தது. மொத்தம் இருபத்தாறு சிரட்டையில் வந்தது.

பிறகுதான் கஷ்டம். வெயில் குறைந்த இடத்தில் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல் இழுபட்டு வளர்ந்து, யன்னல் பக்கமாகச் சரிந்துபோனது. வாத்தியார் தினமும் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு சிரட்டையையும் அரைவட்டம் திருப்பி வைப்பார். தண்டு தடிக்க வேண்டுமென்று உள்ளங்கையால் மெல்லத் தடவி அசைத்துவிடுவார். அடி அழுகாமல் இருக்க அடுப்புச் சாம்பல் தூவுவார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து, சாம்பல் போட்டு மினுக்கி, நாற்றுகளுக்குப் பின்னால் நிறுத்தினார், வெயிலைத் திருப்பி அடிக்கட்டும் என்று. அது போதாதென்று சுவரில் தொங்கிய மகாதேவியின் முகம் பார்க்கிற கண்ணாடியையும் எடுத்துப் பக்கத்தில் சாய்த்தார். தகரமும் கண்ணாடியும் உள்ளே வரவேண்டிய வெளிச்சத்தையும் நாற்றுகளுக்கே திருப்பிக் கொடுத்தன. கட்டில் பக்கம் இன்னும் இருண்டது. கண்ணாடியில்லாமல் என்ன செய்வாய் என்று அவர் கேட்டதற்கு, இருக்கிற முகத்தைப் பார்த்து என்ன செய்ய என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஒழுங்கை தெரியாமல் போனபின் அவள் நாற்றுகளைப் பார்க்கத் தொடங்கினாள். படுத்தபடியே, வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிகிற அந்தத் தண்டுகளுக்குப் பெயர் வைத்தாள். கூனிக்கொண்டு நின்றது தபால்காரர். ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற இரண்டும் கிணற்றடியில் குசுகுசுக்கிற பெண்கள். பின்னேரம் வாத்தியார் வந்தால், இன்றைக்குத் தபால்காரருக்கு இன்னும் கூன் விழுந்துவிட்டது என்று சொல்லுவாள். அவளுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று வாத்தியார் மகிழ்ந்துபோனார்.

பூரணம் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தாள். பனையோலையைத் தலையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்று கதைப்பாள். ஆனால் மகாதேவியின் குரல் அப்போது நன்றாக இறங்கிவிட்டது. மழைச் சத்தத்தில், அறையின் மறுகோடியிலிருந்து அவள் சொல்வது வெளியே கேட்காது. பூரணம் கத்திக் கத்திச் சொல்லி, பதிலைக் கேட்க முடியாமல் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்பாள். தகரத்துக்கும் சிரட்டைகளுக்கும் மேலால் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் தெரியும்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். விடுமுறைக்கு முந்தின நாள் என்பதால் வாத்தியார் பத்தரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். படலையைத் திறந்தபோதே யன்னலடியில் பூரணம் நிற்பது தெரிந்தது. தோள்வரைக்கும் கையைக் கம்பிக்குள் விட்டு, பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் கிட்டப் போவதற்குள் உள்ளே சிரட்டை உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் அறைக்குள் பார்த்தார். மூன்று சிரட்டைகள் நிலத்தில் கிடந்தன. ஆறிலை விட்டு நன்றாகத் தேறிவந்த நாற்றுகள், மூன்றும் நடுவில் மடிந்து கிடந்தன. மகாதேவி காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

அவர் வெளியே வந்து, பூரணத்தை வேலியோரம் அழைத்துக்கொண்டு போனார். சத்தம் போடவில்லை. அவர் யாரோடும் சத்தம் போட்டதில்லை.

"பூரணம், கொஞ்ச நாளைக்கு உந்தப் பக்கம் வராமல் இரும். உதுகள் தப்பினால்தான் அவ தப்புவா" என்றார்.

பூரணம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு, கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் போய்விட்டாள். வாத்தியார் உள்ளே போய், மடிந்த மூன்று தண்டுக்கும் ஈர்க்கு முட்டுக்கொடுத்து, வாழைநாரால் கட்டினார். ஒன்று பிழைத்தது.

அடுத்த நாள் பொட்டு ஓலை வைத்து அடைபட்டிருந்தது. சாப்பாடு கொண்டுவந்த ஞானாம்பிகை அதைக் கண்டுவிட்டு, இவ்வளவு நாளும் அக்கா அக்கா என்றவள் கடைசியில் பயந்து பொட்டையும் அடைத்துப்போட்டாளே என்றாள். வாத்தியார் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் அடுத்த சிரட்டைக்குக் கையை நகர்த்தினார். ஞானாம்பிகை அந்தக் கதையை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோனாள்.

நாலைந்து நாள் கழித்து மகாதேவியே கேட்டாள்.

"பூரணத்துக்கும் பயம் வந்திட்டுது போலை."

"மழையாய்க் கிடக்குது. அதாலையாக்கும்" என்றார் அவர், சிரட்டையைத் திருப்பிக்கொண்டே.

"பிள்ளையள் இருக்கினம்தானே. அவளைப் பிழை சொல்ல ஏலாது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான்தான் வரவேண்டாம் என்றேன் என்ற நாலு சொல்லுக்கு என்ன பாரம். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இருமல் கூடும் என்று அவர் காரணம் வைத்திருந்தார். தை பிறக்கட்டும், நாற்றை நட்டுவிட்டுப் பூரணத்திடம் போய்ச் சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவேன், எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்தார்.

விடுமுறை நாட்களில் அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் இருந்தது யன்னலடியில். ஒருநாள் மழை விட்டு, வெயில் நல்லாக எறித்த காலை. ஒழுங்கையில் யாரோ சிரித்துக் கதைத்துக்கொண்டு போனார்கள். மகாதேவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கட்டிலை ஒருக்கால் பழைய இடத்திலை போட்டுவிடுங்கோவன். இரண்டு நாளைக்கெண்டாலும் காணும்."

"இன்னும் பத்து நாள் பொறும். பிறகு இதுகளை வெளியிலை எடுத்திடுவன்" என்றார்.

"ஓம்" என்றாள் அவள். பிறகு அதைப்பற்றிக் கேட்கவேயில்லை. பத்தாம் நாள் காற்றுச்சுழி ஒன்று வந்து மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. அதன் பிறகு மண் காயவேண்டியிருந்தது. கட்டில் பழைய இடத்துக்குப் போனபோது அவள் கேட்டு முப்பத்து நாலு நாள் ஆகியிருந்தது.

தை நடுவில் இருபத்திரண்டு நாற்றுகளைக் கிணற்றடித் தோட்டத்தில் நட்டார். நல்ல வெயில் கண்டதும் அவை கிடுகிடுவென்று வளர்ந்தன. மட்டுவிலிலிருந்து பரியாரியாரே வந்து பார்த்து, மாரிக்குள் இதைப் பிழைக்க வைத்த ஆளைத் தான் கண்டதில்லை என்றார். அன்று முழுதும் வாத்தியாருக்குக் கால் நிலத்தில் படவில்லை. உள்ளே போய் மகாதேவியிடம் சொன்னார். நல்லதென்றாள். யன்னலடியில்தான் படுத்திருந்தாள், ஆனால் ஒழுங்கையைப் பார்க்கவில்லை. யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று அவள் சொல்வது நின்றுபோனதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார்.

பூரணத்திடம் போகவேண்டும் என்று தையிலும் நினைத்தார், மாசியிலும் நினைத்தார். ஒழுங்கையில் அவளைக் கண்டால் அவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நாள் போகப்போக அந்தச் சின்ன விஷயம் பெரிதாகிக்கொண்டு வந்தது. பங்குனியில் மகாதேவி இரண்டு முறை இரத்தமாகச் சத்தி எடுத்தாள். சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. பரியாரியார் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, கிழங்கு முற்ற இன்னும் எத்தனை நாள் என்று கேட்ட வாத்தியாருக்குப் பதில் சொல்லாமல் மாட்டு வண்டியில் ஏறினார்.

அன்று பின்னேரம் வாத்தியார் பூரணத்தின் படலையில் போய் நின்றார். அவளுடைய புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அவர் வாய் திறக்குமுன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. முழுகிவிட்டு ஈரத்தலையோடு நின்றவள் அப்படியே வந்தாள். இந்த முறை யன்னலடிக்குப் போகவில்லை. விறாந்தையில் ஏறி, அறைக்குள் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். வாத்தியார் வாசலில் நின்றார்.

மகாதேவி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பிள்ளையளை ஆரோடை விட்டிட்டு வந்தனி?"

"முத்தத்திலை விளையாடுகினம் அக்கா."

கொஞ்ச நேரம் மகாதேவிக்கு மூச்செடுக்க வேண்டியிருந்தது. பிறகு சொன்னாள். "நீ பயந்தது சரிதான். எனக்குக் கோபம் இல்லை. முதல் கொஞ்ச நாள் இருந்தது, இப்ப இல்லை."

பூரணம் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். வாத்தியாருக்கு உண்மையைச் சொல்ல அப்போது ஒரு நேரம் கிடைத்தது. தான் சொல்லட்டும் என்று பூரணம் காத்திருந்தாள் என்பதில் அவருக்குப் பிறகும் சந்தேகம் இருக்கவில்லை.  அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூரணம் மறுபடி கட்டில் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அக்கா, பயந்துதான் போனன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் மகாதேவி இருந்தாள். ஒன்பது நாளும் பூரணம் வந்தாள். புருஷனோடு அதற்காகச் சண்டை நடந்ததென்று வாத்தியார் வேலிக்கு இப்பால் கேட்டார். மகாதேவி பெரிதாகக் கதைக்கவில்லை. பூரணம்தான் ஒழுங்கைக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். வைகாசி பிறக்க இரண்டு நாள் இருக்க, ஒரு காலை, மகாதேவி போய்விட்டாள்.

செத்தவீட்டில் பெண்கள் கூடி அழுதபோது பூரணமும் வந்து ஒரு மூலையில் இருந்து அழுதாள். ஞானாம்பிகை அவளுடைய காதுபடவே, நாலு மாதம் எட்டிப் பாராதவளுக்கு இப்போது என்ன அழுகை வேண்டியிருக்கிறது என்றாள். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூரணம் எழுந்து போய்விட்டாள். வாத்தியார் தர்ப்பை போட்ட கையோடு ஐயருக்கு முன்னால் இருந்தார். அவருக்கும் கேட்டது.

ஆடியில் பரியாரியார் ஆள் அனுப்பி, அமுக்கிரா முற்றியிருக்கும், கிண்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வாத்தியார் கிண்டினார். விரல் தடிப்பில், மண்ணிறமாக, குதிரைக் கொட்டில் மணத்தோடு நல்ல கிழங்குகள். கழுவி, ஓலைப்பாயில் காயவைத்து, எல்லாவற்றையும் மட்டுவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த லேகியத்தில் இரண்டு மூன்று பேர் தேறியதாகப் பிறகு கேள்விப்பட்டார். ஒருவர் எழுதுமட்டுவாளில் இருந்து வந்து, நன்றி சொல்லி, ஒரு குலை வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வாத்தியார் அந்தக் குலையைத் தொடவில்லை. அது விறாந்தையிலேயே பழுத்து அழிந்தது.

அந்த வருடம் முழுக்க அவர் பள்ளிக்கூடம் போனார், வந்தார், தமக்கை கொடுத்த சோற்றைத் தின்றார். பூரணத்தோடு ஒழுங்கையில் பெண்கள் முன்போல் கதைப்பதில்லை என்பதைக் கண்டார். கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நின்றுபோகும். கூடப் பழகியவளைக் கைவிட்டவள் என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை யார் உண்டாக்கினார்கள் என்று தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் முடிந்து வந்த ஆட்டைத் திவசத்துக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். படைத்து முடிந்து, பந்திக்கு இலை போடுகிற நேரம், மகாதேவியின் சித்தி ஒருத்தி, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடவில்லையா என்று கேட்டாள். அவளை எதற்கு என்றாள் ஞானாம்பிகை. வாத்தியார் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற குரலில் சொன்னார். பூரணம் பயந்து வராமல் நின்றவளல்ல. மார்கழியில் யன்னலடிக்கு வரவேண்டாம் என்று சொன்னது தான்தான். நாற்று முறிந்ததற்காகச் சொன்னது. மகாதேவிக்கும் அது தெரியாது, தான் சொல்லவில்லை.



"இதை அப்பவே சொல்லியிருக்கலாமேயடா" என்றாள் ஞானாம்பிகை. "நானெல்லே அவளைப் பேசினனான்."

  அவள் குசினிக்குள் போய் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள்.

வாத்தியார் ஓர் இலையில் சோறும் கறியும் மோதகமும் எடுத்து மூடிக்கொண்டு, ஒழுங்கையால் சுற்றிப் பூரணத்தின் வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தாள். இலையை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டதைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"நீர் பயந்தீர் எண்டு அண்டைக்கு அவ சொன்னபோது நீர் ஏன் உண்மையைச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

பூரணம் இலையைத் திண்ணைக் குந்தில் வைத்தாள்.

"அந்த நேரம் அவவுக்கு உங்களை விட்டால் ஆர் இருந்தது வாத்தியார்? உங்களிலை ஒரு கோபத்தோடை போகக்கூடாது எண்டு நினைச்சன். என்னிலை எண்டால் பரவாயில்லை. நான் அயல்தானே."

அவர் போகத் திரும்பினார். அவள் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல் நின்றாள். பிறகு கேட்டாள், குற்றம் சொல்கிற மாதிரியில்லாமல், இவ்வளவு காலமும் தெரியவேண்டும் என்று இருந்த ஒன்றைக் கேட்பதுபோல்.

"நாத்து முறிஞ்ச அண்டைக்கு அக்கா தண்ணி கேட்டவ. எங்கடை அவர் உள்ளை போகவேண்டாம் எண்டதாலை, பலகையைத் தள்ளிப்போட்டு யன்னலுக்குள்ளாலை கோப்பையை வைச்சால் எழும்பி வந்து எடுப்பா எண்டு பாத்தன். பிறகு நீங்கள் வந்திட்டியள்தானே, குடுப்பியள் எண்டு போட்டன். குடுத்தனீங்களோ?"

வாத்தியார் யோசித்தார். மண்ணைக் கூட்டி அள்ளியது நினைவிருந்தது. ஈர்க்கு முறித்தது, வாழைநார் கிழித்தது, மூன்றில் எது பிழைக்கும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது எல்லாம் நினைவிருந்தது. கட்டில் பக்கம் போனது நினைவில்லை.

"குடுத்திருப்பன்" என்றார்.

"ஓம், குடுத்திருப்பியள்" என்றாள் பூரணம்.

உள்ளே பிள்ளைகள் பசிக்குதென்று கூப்பிட்டார்கள். அவள் இலையை எடுத்துக்கொண்டு போனாள். வாத்தியார் சற்று நேரம் அந்த முற்றத்தில் நின்று, காய்கிற நெல்லுக்கு வந்த காகத்தைக் கைவீசிக் கலைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினார்.